மதுரைப் பழஞ்சரிதத்தை மீட்ட மகாமகோபாத்தியாயர்

ஒரு நகரத்தை நிலைநிறுத்துவன அதன் மாடங்களும் மதில்களும் என்று நாம் எண்ணுகின்றோம். ஆயின், மாடங்கள் இடிந்தொழிகின்றன. மதில்கள் சரிந்து மண்ணாகின்றன. அரசர் மரபுகள் ஒன்றன்பின் ஒன்றாய் மறைகின்றன. மதுரை மாநகரத்தையே எடுத்துக்கொள்வோம். 1311-ஆம் ஆண்டில் மாலிக்காபூர் படையெடுத்து வந்தபோதும், அதன்பின் சுல்தான்கள் அங்கிருந்து ஆண்டபோதும் அந்நகரம் பெருந்துன்பம் எய்திற்று. இன்று நாம் கண்டு கைகூப்பும் கோபுரங்களும் மண்டபங்களும் பெரும்பாலும் அதன் பின்னர் எழுந்தவை. எனினும், சங்கப் புலவர் கண்ட மதுரையும், திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தருளிய மதுரையும் நம் உள்ளத்தில் இன்றுவரை அழியாதிருக்கின்றன. காரணம் யாது? அவற்றைக் கூறும் நூல்கள் அழியாதிருத்தலேயாம். நூல் நின்றமையால் நகரம் நின்றது.

நம் நாட்டுச் சிவாலயங்களிலே புராணபடனம் நிகழுங்காலத்து, திருவிளையாடற் புராணம் படித்துப் பயன் சொல்லக் கேட்டு மகிழாத சைவர் அரியர். அங்ஙனம் படிக்கப்படுவது பரஞ்சோதி முனிவர் அருளிய நூல். அதற்கு முன்னரே அச்சொக்கலிங்கப் பெருமானுடைய அறுபத்துநான்கு திருவிளையாடல்களையும் முறைப்படக் கூறிய பழைய நூலொன்று தமிழிலே உண்டென்பதும், அது வழக்கொழிந்து ஏட்டளவிற் கிடந்து பின்னர் அச்சுருப் பெற்றதென்பதும் பலர் அறியாதன. அந்நூல் திருவாலவாயுடையார் திருவிளையாடற்புராணம். அதனை 1906-ஆம் ஆண்டில் அச்சேற்றி உதவியவர் மகாமகோபாத்தியாய தாக்ஷிணாத்ய கலாநிதி டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். அப்பெரியாருடைய சரிதத்தை, இத்தொண்டினை நடுவாக வைத்து, ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பிறப்பும் இளமையும்

சோழநாட்டிலே, பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் என்னும் சிற்றூரைச் சார்ந்த அந்தணர் குடியிலே, 1855-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 19-ஆம் நாள் ஐயரவர்கள் தோன்றினார்கள். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதியம்மையார். தந்தையார் சங்கீதத்தில் வல்லவர். ஊர்தோறுஞ் சென்று இராமாயண முதலியவற்றை இசையோடு எடுத்துரைத்து, அன்பர் அளிக்கும் பொருள்கொண்டு குடும்பத்தை நடத்தியவர். மகனும் தம்மைப்போற் சங்கீதத்திலே தேர்ச்சி பெறல் வேண்டுமென்பது அவர் கருத்து. மகனுடைய உள்ளமோ தமிழின்பாலே சென்றது. வறுமை ஒருபுறம் வருத்தினும், நல்லாசிரியர் உள்ள ஊர் எதுவென்று வினவி அவ்வூரிலே சில திங்கள் தங்கி மகனைப் படிப்பித்து, பின்னர் வேறோர் ஊரை நாடிச் செல்லும் அலைச்சலைத் தந்தையார் பல்லாண்டு மேற்கொண்டார். மகன் விரும்பிய கல்விக்குத் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்த அத்தந்தையார் செய்த தியாகம் சிறிதன்று.

குருகுலவாசம்

1871-ஆம் ஆண்டில், மாயூரத்திலே இருந்த மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து ஐயரவர்கள் மாணாக்கராயினார்கள். பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீன வித்துவான், சைவத்திற் பழுத்தவர், நினைத்த மாத்திரத்திற் செய்யுள் பொழியும் மேகம் போன்றவர். மாணாக்கருடைய இயற்பெயர் வேங்கடராமன் என்பது. ஆசிரியர் விருப்பப்படி சாமிநாதன் என்னும் பெயரே வழக்காயிற்று.

அக்காலத்திலே தலங்கள்தோறும் தலபுராணம் பாடுவித்தல் பெருவழக்கு. ஓர் ஊரின் பெயர்க்காரணம், அங்குள்ள மூர்த்தி தலம் தீர்த்தம் என்பவற்றின் மகிமை, அங்கு வழிபட்டோர் சரிதம், அவ்வூரை ஆண்டோர் செய்கை ஆகிய யாவற்றையும் ஒருங்கு திரட்டி வைத்தற்கு அந்நாளிலிருந்த கருவி தலபுராணமே. உறையூர், கும்பகோணம், நாகப்பட்டினம் முதலிய பல தலங்களுக்குப் பிள்ளையவர்கள் புராணம் பாடினார்கள். அவர்கள் செய்யுள் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டிலே எழுதுவர். ஓர் ஊரின் பழைமை வாய்மொழியாகவும் வடமொழிக் கிரந்தமாகவும் கிடந்து, பின் தமிழ்ச் செய்யுளாய் உருப்பெறுமாற்றை ஐயரவர்கள் இளமையிலேயே அருகிருந்து கண்டார்கள். பிற்காலத்திற் பழைய புராணம் ஒன்றைப் பரிசோதித்து வெளியிடப் புகுந்தபோது, இந்தப் பயிற்சி பெரிதும் உதவியிருத்தல் வேண்டும்.

ஆசிரியர் பாடஞ் சொல்லியதற்குப் பொருள் பெற்றிலர்; தமக்குக் கிடைத்ததனையும் மாணாக்கருக்கே செலவிட்டார். 1876-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் முதல் நாள் அவர் சிவபதம் அடைந்தார். அவ்வேளையில் அவர் விருப்பப்படி அருகிருந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசித்தவர் ஐயரவர்களே. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரவர்கள் ஐயரவர்களைத் தம் ஆதரவில் வைத்துப் பாடஞ் சொல்லியும் சொல்வித்தும் வந்தார்கள்.

காரையிற் செய்த பிரசங்கம்

ஆசிரியர் வாழ்ந்திருந்த நாளிலே நிகழ்ந்த ஒன்றை இங்கே குறித்தல் தகும். ஐயரவர்களின் விவாகத்தின் பொருட்டு வாங்கிய கடன் குடும்பத்தை நெருக்கிற்று. அதனைத் தீர்க்கும் வழியறியாது தந்தையாரும் மகனும் வருந்தினர். அப்போது காரை என்னும் ஊரிலே அன்பர் சிலர் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். ஏறக்குறைய இருபது வயதினராகிய ஐயரவர்கள் நாள்தோறும் செய்யுளைப் படித்துப் பொருள் விரித்துரைக்க, ஊரார் திரண்டு கேட்டனர். அதனாற் கிடைத்த பொருள் கடனைத் தீர்க்க உதவிற்று.

அங்கே அவர்கள் எடுத்துரைத்தது பரஞ்சோதி முனிவர் நூல். மதுரைப் பெருமான் சரிதத்தாலே தம் குடும்பத்தின் சுமை நீங்கப்பெற்ற அவ்விளைஞரே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் அப்பெருமானுடைய பழைய சரிதத்தை ஏட்டுச்சிறையினின்று மீட்டார். ஒருவர் பெற்ற உதவிக்குக் கைம்மாறு எங்ஙனம் எப்போது அமையுமென்பதை யாவரே அறிவர்!

கும்பகோணமும் சிந்தாமணியும்

1880-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் ஐயரவர்கள் தமிழாசிரியராயினார்கள். அப்பதவியில் முன்னிருந்த தியாகராச செட்டியாரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தாம் விலகுங்காலத்துத் தம் இடத்துக்கு ஐயரவர்களே தக்கவரென்று பரிந்து பேசி அமர்த்துவித்தவர் அவர். அந்நன்றியை மறவாது, பிற்காலத்திற் சென்னையிலே தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்றே ஐயரவர்கள் பெயரிட்டார்கள்.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே, கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயரவர்கள் காணச் சென்றார்கள். யாது கற்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் எனத் தாம் கற்றவற்றை ஐயரவர்கள் அடுக்கிச் சொன்னார்கள். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாது, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைக் கற்றதுண்டோ என்று கேட்டார். ஐயரவர்கள் அவற்றைக் கற்றிலர். ஏடுகூடக் காண்டலரிதாயிருந்த காலம் அது. அவ்வொரு வினாவினாலே அவர்கள் வாழ்க்கை வேறொரு வழியிற் சென்றது.

சீவகசிந்தாமணி சைன காவியம். அதன் உட்பொருளைச் சைனரிடமே கேட்டறிதல் வேண்டுமென்று துணிந்து, கும்பகோணத்திலிருந்த சைன அன்பர்களை நாடி, அவர்கள் இல்லங்களிலே சென்று ஐயந்தெளிந்து, பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887-ஆம் ஆண்டில் அதனை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார்கள். திருவாவடுதுறை மடத்திலே வளர்ந்த சைவர் ஒருவர் புறச்சமய நூலுக்கு இத்துணை உழைத்தல் தகுமோ என்று குறைகூறியவரும் உளர். ஐயரவர்கள் அதற்கு மறுமொழி சொல்லிப் பொழுது போக்கிலர். தம் நெற்றியில் விளங்கிய திருநீறும் மாறவில்லை; சைனர் நூலிலே ஒரு சொல்லும் மாறவில்லை. தம் சமயத்திலே உறுதியுடையவர் பிறர் நூலைப் பிறழாது காத்தல் கூடும் என்பதற்கு அவர்களே சான்று.

நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் அந்நாளிற் கும்பகோணத்தில் வாழ்ந்தார்கள். 1881-இல் வீரசோழியத்தையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இற் கலித்தொகையையும் வெளியிட்ட பெரியார் அவர். சிந்தாமணியைத் தாம் வெளியிடல் வேண்டுமென்னும் விருப்பம் பிள்ளையவர்களுக்கும் இருந்தது. ஐயரவர்கள் அதனைத் தாமே நிறைவேற்றத் துணிந்திருந்தமையின் இணங்கிற்றிலர். இருவருக்கும் இதிற் கருத்து வேறுபாடு இருந்ததாயினும், இருவர் செய்த தொண்டும் ஒன்றே. செல்லுக்கும் சிதலுக்கும் இரையாகிக்கொண்டிருந்த தமிழ்ச் செல்வத்தை இருகரையிலும் நின்று இழுத்துக் கரையேற்றியவர்கள் இவ்விருவருமென்க.

ஏடுகள் அழிந்த வகை

பனையோலை நெடுங்காலம் நில்லாது. சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையிற் பெயர்த்தெழுதாவிடின் நூல் மாயும். படிப்பார் உள்ள நூலையே மக்கள் பெயர்த்தெழுதினர். படிப்பார் அருகிய நூல் அருகிற்று. ஆடிப்பெருக்கன்று பழைய ஏட்டுச் சுவடிகளை ஆற்றிலே விடுதலைப் புண்ணியமென்று கருதியோரும் இருந்தனர்.

ஐயரவர்கள் ஏடு தேடிப் பாண்டிநாட்டில் அலைந்த காலத்துக் கரிவலம்வந்தநல்லூர் என்னும் சிவதலத்தை அடைந்தார்கள். அங்கே பாண்டிய மன்னர் தொகுத்து வைத்த ஏடுகள் ஆலயத்தில் உள்ளனவென்று கேட்டு ஆவலோடு சென்றார்கள். சென்று வினவியபோது, பழுதுற்ற ஏடுகளைக் குவியலாய் வைத்திருத்தல் தகாதென்றும், அவற்றை அக்கினி வளர்த்து நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிடுதலே ஆகமவிதியென்றும் எண்ணி, அங்ஙனமே செய்துவிட்டதாக விடை கிடைத்தது. கேட்ட ஐயரவர்களின் நெஞ்சு எரிந்தது. அந்நியர் அழித்ததை எண்ணி ஆறுதல் கொள்ளலாம். ஆலயத்திலே, அன்பினாலே, அறியாமையினாலே அழிந்ததற்கு யாது சொல்வது! சைவராகிய நாம் வெட்கத்தோடு நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி இது.

கிடைத்த ஏடுகளைப் படித்தலும் எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் ஒரே வடிவாய் இருக்கும். காலும் ரகரமும் வேறுபாடின்றி நிற்கும். செய்யுளை அடிபிரித்து எழுதுவதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியில்லை. மூலம் எது, உரை எது, மேற்கோள் எது என்று அறிதலே பெருமுயற்சியாகும். ஒரு சொல்லின் உண்மை வடிவம் காணப் பலநாள் சென்றதுண்டு.

மதுரையைக் கூறும் நூல்கள்

சிந்தாமணிக்குப்பின் ஐயரவர்கள் வெளியிட்ட நூல்களை மதுரையொன்றையே கருதி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். 1889-இல் வெளிவந்த பத்துப்பாட்டினுள் மதுரைக்காஞ்சி ஒன்று. மாங்குடி மருதனார் பாடிய 782 அடிகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்து மதுரையின் அங்காடித் தெருவும் கோயில் விழவும் யாமக் காவலும் நேரிற் கண்டாற்போல் விளங்குகின்றன. 1892-இல் வெளிவந்த சிலப்பதிகாரத்திலே மதுரைக்காண்டம் ஒரு பகுதி. பின்னர் 1918-இல் வெளிவந்த பரிபாடலிலே வையைப் பெருக்கும் அதிற் புனலாடிய நகரமாந்தர் மகிழ்ச்சியும் கூறப்படுகின்றன. பரிபாடலின் எழுபது பாட்டுக்களில் முழுமையாக நமக்குக் கிடைத்தன 22 மாத்திரமே. எஞ்சியவை எவ்வாற்றில் விடப்பட்டனவோ, எவ்வகுதியிற் சொரியப்பட்டனவோ!

இவற்றோடு 1906-இல் வெளிவந்த பழைய திருவிளையாடலையும் சேர்த்து எண்ணின், மதுரையின் பழைமை கூறும் தமிழ்நூல்களுட் தலையாயவை ஐயரவர்கள் கையினாலேயே செம்மையான அச்சுவடிவம் பெற்றமை விளங்கும். சோழநாட்டுச் சிற்றூரிற் பிறந்த ஒருவர் பாண்டியர் தலைநகருக்கு அதன் பழஞ்சரிதத்தைத் திரும்ப அளித்தார்.

நம்பி திருவிளையாடல்

1903-ஆம் ஆண்டிலே ஐயரவர்கள் சென்னை இராசதானிக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார்கள். 1906-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே அரசாங்கத்தார் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் அளித்தனர். அவ்வாண்டிலேயே, செல்லிநகர்ப் பெரும்பற்றப்புலியூர் நம்பி இயற்றிய திருவாலவாயுடையார் திருவிளையாடற்புராணத்தை அரும்பதவுரை முதலியவற்றுடன் வெளியிட்டார்கள்.

நம்பியின் நூல், உத்தரமகாபுராணத்தைச் சார்ந்த சாரசமுச்சயத்தை வழியாகக் கொண்டது. காலத்தாற் பிற்பட்ட பரஞ்சோதி முனிவர் நூல், காந்தத்தைச் சார்ந்த ஆலாசிய மான்மியத்தைத் தழுவியது. மதுரைக்காண்டம், கூடற்காண்டம், திருவாலவாய்க்காண்டம் என மூன்று பிரிவினது. 3,300-க்கு மேற்பட்ட செய்யுள்களையுடையது. இரண்டும் அறுபத்துநான்கு திருவிளையாடல்களைக் கூறுவனவே. எனினும், திருவிளையாடல்களின் அடைவும் சரிதப் பகுதிகளும் இரண்டினும் பலவிடத்து வேறுபடுகின்றன. பரஞ்சோதியார் நூலின் இனிமையும் அணிநலமும் உலகத்தார் உள்ளத்தைக் கவர்ந்தமையின், பழையதைக் கற்பார் குறைந்தனர். கற்பார் குறையவே பெயர்த்தெழுதுவாரும் குறைந்தனர். இனிய புதுநூல் ஒன்று தோன்றியமையே பழநூலின் மறைவுக்கு ஏதுவாயிற்று.

இந்நிலையிலே அதனை வெளியிடப் புகுந்தவர்க்கு எதிரே இரண்டு வழிகள் இருந்தன. வழக்கிலுள்ள நூலோடு பொருந்தாத இடங்களைத் திருத்தியும் மாற்றியும், கேட்போர் உள்ளத்திற்கு இசைய வெளியிடுதல் ஒன்று. காரையிலே பரஞ்சோதியார் நூலைக் கற்பித்துப் பயன்கொண்டவரும், அதன் சுவையிலே தோய்ந்தவருமாகிய ஐயரவர்களுக்கு அது கைவராத செயலன்று. ஆசிரியரிடம் புராணம் பாடும் முறையைக் கண்டு பழகியவர்க்குச் சிதைந்த செய்யுளைத் தாமே பாடி நிரப்புதலும் அரிதன்று. நம்பி எழுதியதை நம்பி எழுதியவாறே, ஏடுகள் காட்டும் பாடத்தின்படி தருதல் மற்றொன்று. ஐயரவர்கள் மேற்கொண்டது பின்னதே. பழநூலின் அடைவு பழநூலுக்கே உரியதாய் நின்றது. புதுநூலைத் தாழ்த்தவுமில்லை, பழநூலை உயர்த்துவதற்காக அதனை அலங்கரிக்கவுமில்லை.

வழக்கில் ஒரு நூல் இருக்கப் பழையதைத் தேடி அச்சிடுதலாற் பயன் யாதென்று வினவுவார்க்கு இவ்விடை சொல்லலாம். திருவிளையாடல்கள் பரஞ்சோதியார் காலத்திலே தோன்றியனவல்ல. வெள்வேல் கடலில் விட்ட பாண்டியன் செய்தியும், இந்திரன் முடிமேல் வளை எறிந்த செய்தியும் சிலப்பதிகாரத்திலே சுட்டப்படுகின்றன. தேவாரத் திருப்பதிகங்களிலே ஆலவாய்ப் பெருமான் செயல்கள் சில குறிக்கப்படுகின்றன. கல்லாடம் பலவற்றை எடுத்தாள்கின்றது. சிதறிக் கிடந்த இவற்றுக்கும், பிற்காலத்து விரிந்த பெருநூலுக்கும் இடையே நின்று, அறுபத்துநான்கையும் ஒரு மாலையாகத் தொடுத்துக் காட்டுவது நம்பியின் நூல். இடையிலுள்ள படி ஒன்று இல்லையாயின், மேற்படி எங்ஙனம் எழுந்ததென்று அறிதல் இயலாது. மதுரை மக்கள் தம் நகரத்தையும் தம் பெருமானையும் தலைமுறைதோறும் எவ்வாறு உணர்ந்து போற்றினர் என்பதற்கு இரண்டு நூலும் வேண்டும்.

புராணம் கூறும் அரசர் வரிசையை அப்படியே நாட்டுச் சரிதமாகக் கொள்ளுதல் பொருந்தாதென்பது இக்காலத்து ஆராய்ச்சியாளர் துணிபு. அதனை மறுக்கவேண்டுவதில்லை. கல்வெட்டும் செப்பேடும் கூறுவது வேறு. புராணம் கூறுவது வேறு. நகரின் எல்லையை அரவம் வாலும் வாயும் பொருந்த வளைந்து காட்டினமையால் ஆலவாய் எனப் பெயர் வந்ததென்று புராணம் கூறுமிடத்து, நில அளவைக் கணக்கை அதில் தேடுதல் பேதைமை. அந்நகரினர் தம் ஊரை இறைவன் வரைந்த எல்லையுள் வாழும் இடமாகக் கருதினர் என்னும் உண்மையே அங்கு உள்ளது. அவ்வுண்மைக்கும் சான்று வேண்டும்; அச்சான்று நூலே.

மறுபதிப்பும் மனச்சான்றும்

ஐயரவர்கள் ஒரு நூலை ஒருமுறை வெளியிட்டவுடன் தம் கடமை முடிந்ததென்று கருதியவர்களல்லர். முதற்பதிப்பின்பின் புதிய ஏடு கிடைப்பின் அதனோடு மீண்டும் ஒப்புநோக்குவார்கள். தாம் கொண்ட பாடம் பிழையெனத் தெரியின் நாணாது திருத்துவார்கள். ஒரு சொல்லாட்சிக்கு வேறு நூலில் ஒப்புமை தோன்றின் உடனே குறித்து வைப்பார்கள். சிந்தாமணி 1887-இல் முதன்முறை வெளிவந்து, 1907-இல் இரண்டாம் பதிப்பும் 1922-இல் மூன்றாம் பதிப்பும் எய்திற்று. இருபதாண்டு கழித்து வந்த இரண்டாம் பதிப்பைப் பார்ப்பார், முதற்பதிப்பைச் செய்தவரே அதற்கு மாணாக்கராயும் இருந்து மீண்டும் கற்றிருக்கின்றார் என்பதை உணர்வர். மறுபதிப்பு என்பது தீர்ந்துபோன பிரதிகளுக்குப் பதிலாக வேறு பிரதிகள் அடித்தலன்று. நூலாசிரியருக்குத் தாம் செய்த குறையை உணர்ந்து நேர்செய்யும் பிராயச்சித்தம் என்பது அவர்கள் செயலாற் பெறப்படும்.

இறுதிநாட்கள்

1919-ஆம் ஆண்டிலே ஐயரவர்கள் கல்லூரிப் பதவியினின்று ஓய்வு பெற்றார்கள். ஓய்வு பதவிக்கேயன்றி உழைப்புக்கில்லை. 1924-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க்கல்லூரித் தலைவராய் இருந்தார்கள். 1924-இற் பெருங்கதையும், 1937-இற் குறுந்தொகையும் வெளிவந்தன. 1932-இற் சென்னைச் சர்வகலாசாலையார் டாக்டர் பட்டம் அளித்தனர். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டுக் குருகடன் தீர்த்தார்கள்.

அன்பர் பலர் வேண்ட, 1940 முதல் ஆனந்தவிகடனிலே தம் சரிதத்தை வாரந்தோறும் எழுதத் தொடங்கினார்கள். அது முற்றுப்பெறவில்லை. மணிமேகலைப் பதிப்பு முடிந்த காலத்தை அடுத்து அச்சரிதம் நின்றுவிட்டது. ஆதலின், பழைய திருவிளையாடலைத் தேடியதும் தெளிந்ததும் ஆகிய வரலாற்றை அவர்கள் வாயிலாகவே விரிவாய்க் கேட்கும் பேறு அந்நூலில் நமக்கு வாய்த்திலது. பிறர் சரிதங்களைக் காத்தவர் சரிதம் பாதியில் நின்றது.

1942-ஆம் ஆண்டிலே யுத்தபயத்தாற் சென்னைவாசிகள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். ஐயரவர்களும் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார்கள். அவ்வேதகிரித் தலத்திலே, அவ்வாண்டு ஏப்பிரில் மாதம் 28-ஆம் நாள், 87 ஆண்டு வாழ்ந்து நிறைந்த நிலையில், இறைவன் திருவடி எய்தினார்கள். அவர்கள் தொகுத்த ஏடுகளையும் நூல்களையும் காத்தற்கு 1943-இல் அவர்கள் பெயராற் சென்னையிலே நூல்நிலையம் ஒன்று தாபிக்கப்பட்டது. அவர்கள் வாழ்ந்த தியாகராச விலாசமோ 2012-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. வீடு போயிற்று, நூல்கள் நிற்கின்றன. தொடக்கத்தில் மதுரையைப் பற்றி யாம் கூறியது அவர்களுக்கும் பொருந்துவதாயிற்று.

நமது கடன்

சைவ நன்மக்களே, இச்சரிதம் பாண்டிநாட்டாருக்கு மாத்திரம் உரியதன்று. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் முதலிலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு அரிய ஏட்டுச் சுவடிகளும் நீறாயின. அன்று வெந்தவற்றுள் வேறெங்கும் படியில்லாதன இருந்தன. அவற்றை இனி எவர் மீட்பார்? ஒல்லாந்தர் காலத்திலே மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, நம் நகரத்தின் பழஞ்சரிதம் கூறுவது. அது அந்நெருப்புக்குத் தப்பியது எதனால்? குல. சபாநாதனவர்களைப் போன்றோர் முன்னரே அதனைப் பரிசோதித்து அச்சிற் பதிப்பித்தமையால் அன்றோ! ஒரு பிரதி வேமாயின் மற்றொரு பிரதி நிற்கும். அச்சிட்டவர் செய்த உதவி அப்போதுதான் முழுதும் விளங்குகின்றது.

ஆதலின், நம் ஊர்களிலே தலபுராணங்கள், ஊஞ்சல்கள், திருவிழாக் குறிப்புக்கள், ஆலய தருமசாதனங்கள் எவரேனும் பெட்டியில் வைத்திருப்பின், அவை பழையன என்றும், இக்காலத்தார் படியார் என்றும் ஒதுக்காது, படியெடுத்து இரண்டோர் இடங்களில் வைக்குமாறு வேண்டுகின்றோம். அச்சிடுவோர், தமக்கு உவப்பில்லாத பகுதியை நீக்காமலும், உவப்பான பகுதியைச் சேர்க்காமலும், உள்ளதை உள்ளவாறே அச்சிடுவாராக. முன்னொருவர் அச்சிட்டது கிடையாதாயின் மறுபதிப்புச் செய்வாராக. செய்யுமிடத்து முன்னவர் பிழையை அடக்கத்தோடு திருத்துவாராக.

திருக்கோயிலுக்குத் திருவலகிடுதலும், திருமெழுக்கிடுதலும், திருவிளக்கிடுதலும் சரியைத்தொண்டாகக் கூறப்படும். செல்லரித்த ஏட்டின் தூசியைத் தட்டி, அதில் மறைந்த எழுத்தைத் துலக்கி, உலகுக்கு விளங்கவைத்தலும் அத்தொண்டுகளின் வேறன்று என்று யாம் கருதுகின்றோம். அத்தொண்டிலே வாழ்நாள் முழுதும் நின்ற ஐயரவர்களை நினைந்து, நம்மால் இயன்ற ஓர் ஏட்டையேனும் காப்போமாக.

திருச்சிற்றம்பலம்.